செர்ரி இறால் ஏன் வெளுக்கிறது?

செர்ரி இறால் வளர்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் நின்று நிதானமாகப் பொறுக்கி வாங்கிய பத்து இறால்கள், பத்தும் நல்ல அடர் சிவப்பு. ஒரு வருடத்தில் அவை இருநூறாகப் பெருகிவிட்டன. ஆனால் பாதிக்கு மேல் வெளிறிய இளஞ்சிவப்பு. சிலவற்றில் நிறமே இல்லை, உள்ளே குடல் தெரிகிறது. ஒன்றிரண்டு சேற்றுப் பழுப்பாகவே பிறந்திருக்கின்றன. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். தண்ணீர்தான் காரணம் என்று சிலர் நினைத்து, மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள். நிறம் ஏற்றும் தீவனம் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை நம்பி மாதாமாதம் செலவு செய்பவர்களும் உண்டு.

இந்த மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் முதற்காரணம் வேறு. வளர்ப்பவர் எதுவும் செய்யாமல் விட்டால், எந்தச் சிவப்பு இறால் கூட்டமும் தலைமுறைக்குத் தலைமுறை வெளுக்கத்தான் செய்யும். சிவப்பு அதன் இயல்பு நிறம் இல்லை. அந்தச் சிவப்பு, மனிதர்கள் விடாமல் பொறுக்கிப் பொறுக்கி நிலைநிறுத்தி வைத்திருக்கும் ஒன்று. பொறுக்குவதை நிறுத்தினால் அதுவும் தளரும்.

நாம் செர்ரி என்று அழைக்கும் இறாலின் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. 1904இல் பூவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இந்த இனத்தை விவரித்தார். சீனா, தைவான், கொரியா ஆகிய நாடுகளின் ஓடைகளிலும் குளங்களிலும் வாழும் சிறு நன்னீர் இறால் இது. அங்கே அதன் நிறம் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல். பாசிக்கும் சருகுக்கும் நடுவே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஓடையில் சிவப்பாக ஒன்று பிறந்தால் மீன் அதைத்தான் முதலில் பிடிக்கும். தொட்டியில் மீன் இல்லை, அதனால் சிவப்பு பிழைக்கிறது. ஆனால் பழுப்பும் சேர்ந்தே பிழைக்கிறது. ஓடையில் மீன் செய்த தேர்வைத் தொட்டியில் நாம்தான் செய்தாக வேண்டும், அதுவும் நேர் எதிர்த் திசையில்.

கடைகளில் செர்ரி, சகுரா, ஃபயர் ரெட், பெயின்டட் ஃபயர் ரெட் என்று தரம் பிரித்து விலை சொல்கிறார்கள். இவை தனித்தனி இனங்கள் அல்ல. ஒரே சிவப்பு உடலை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதற்கான படிநிலைகள் மட்டுமே. ஒரே தாயின் ஒரே ஈட்டில் பிறந்த குஞ்சுகளில் ஒன்று சகுராவாகவும் இன்னொன்று சாதாரண செர்ரியாகவும் தேறும். எனவே ஃபயர் ரெட் என்ற பெயரில் வாங்கியவை ஃபயர் ரெட் குஞ்சுகளையே தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தப் பெயர் கையில் இருக்கும் இறாலைப் பற்றியது. அதன் பெற்றோரைப் பற்றியோ குஞ்சுகளைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

நிறம் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இறால் கழற்றிப்போட்ட சட்டையைத் தொட்டியிலிருந்து எடுத்து விரலில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு அடர்ந்த சிவப்பு இறால் கழற்றியதாக இருந்தாலும், சட்டை நிறமற்று, ஒளி ஊடுருவும்படிதான் இருக்கும். நிறம் ஓட்டில் இல்லை. ஓட்டுக்குக் கீழே இருக்கும் தோலில், நிறத்துகள் நிரம்பிய கிளைவிட்ட செல்களில் இருக்கிறது. துகள்கள் செல்லின் கிளைகளுக்குள் பரவினால் நிறம் அடர்த்தியாகத் தெரியும். செல்லின் நடுவில் ஒடுங்கினால் வெளிறும். கண்காம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் இந்தப் பரவலையும் ஒடுக்கத்தையும் நடத்துகின்றன. தரை கறுப்பாக இருந்தால் துகள்கள் விரியும். வெள்ளை மணலாக இருந்தால் ஒடுங்கும். பயந்தாலும், பையில் அடைபட்டு வந்தாலும் வெளிறும். வீட்டுக்கு வந்த முதல் நாள் இறால் வெளுத்துப்போவது இதனால்தான். அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், சில நாளில் நிறம் திரும்பிவிடும்.

சிவப்புக்கான மூலப்பொருள் அஸ்டாசாந்தின் போன்ற கரோட்டினாய்டுகள். எந்த இறாலாலும் கரோட்டினாய்டை அடிமுதல் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. பாசியிலிருந்தும் இலையிலிருந்தும் தீவனத்திலிருந்தும் எடுத்துத்தான் தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. இதே பொருள் ஒரு புரதத்தோடு பிணைந்தால் நீலமாகவோ பழுப்பாகவோ தோன்றும். நண்டை வேகவைக்கும்போது அந்தப் புரதம் சிதைந்து சிவப்பு வெளிப்படுவதை எல்லாச் சமையலறையிலும் பார்க்கலாம். ஆக, தீவனத்துக்கு நிறத்தில் பங்கு உண்டு என்பது சரிதான். ஸ்பிருலினா, வேகவைத்த கீரை, காய்ந்த நாட்டு வாதாம் இலை, தொட்டியில் தானாகப் படியும் பாசி ஆகியவை கிடைக்காத இறால் மங்கித்தான் போகும். ஆனால் மரபு வகுத்த எல்லை வரைக்கும்தான் தீவனம் கொண்டுபோய் விடும். சிவப்புச் செல்கள் நெருக்கமாக அமையாத இறாலுக்கு எவ்வளவு ஸ்பிருலினா கொடுத்தாலும் அது பெயின்டட் ஃபயர் ரெட் ஆகாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. தேர்வு செய்யும்போது எல்லா இறால்களும் ஒரே தரை, ஒரே வெளிச்சம், ஒரே தீவனத்தில் இருந்தவையாக இருக்க வேண்டும். கறுப்புத் தரைத் தொட்டியில் இருக்கும் ஒன்றையும், வெள்ளைக் கிண்ணத்தில் பத்து நிமிடம் கிடந்த ஒன்றையும் ஒப்பிட்டால் நாம் அளப்பது மரபை அல்ல, கிண்ணத்தை. சட்டை உரித்த நாளில் தேர்வு வேண்டாம். அப்போது அது இயல்பான நிலையில் இருப்பதில்லை. பக்கவாட்டில் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். முதுகைப் பார்த்து மயங்காதீர்கள், முதுகில் எல்லாச் சிவப்பு இறாலும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். வயிற்றுக் கண்டங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் இடைவெளி தெரிகிறதா, கன்னப் பகுதியில் வெளிறல் இருக்கிறதா, கால்கள் சிவந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தரம் தெரிவது கால்களில்தான். உடல் முழுக்கச் சிவந்து கால் மட்டும் நிறமற்று இருக்கும் இறாலை ஒருபடி கீழேதான் வைக்க வேண்டும்.

அடுத்தது ஆண்கள். பெரும்பாலான தொட்டிகள் கெடுவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

செர்ரி இறாலில் பெண் பெரியது, அடர்ந்த நிறமுடையது. ஆண் சிறியது, ஒல்லியானது, வெளிறியது. பெண்ணுக்கு வயிற்றின் கீழ்விளிம்பு முட்டைகளைத் தாங்குவதற்காக அகன்று இறங்கியிருக்கும். ஆணுக்கு அது நேர்கோடாக மேலேறிப் போகும். வளர்ப்பவரின் கண் இயல்பாகவே பெண்களின் மேல் போகிறது. நல்ல பெண்களைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு, ஆண்கள் எல்லாம் வெளிறித்தான் இருக்கும் என்று அப்படியே விட்டுவிடுகிறார். ஆனால் குஞ்சுக்குப் பாதி மரபு ஆணிடமிருந்துதான் வருகிறது. மாடு வளர்ப்பவர் பசு எவ்வளவு நல்லதானாலும் பொலிகாளையைப் பார்த்துத்தானே சேர்ப்பார்? இறாலிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆணைப் பெண்ணோடு ஒப்பிடக் கூடாது, ஆணை ஆணோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே வயதுள்ள இருபது ஆண்களை நிறுத்தினால் அவற்றுக்குள் தெளிவான வேறுபாடு இருக்கும். ஒன்றிரண்டில் கன்னமும் பக்கவாட்டும் மூடியிருக்கும், பலவற்றில் முதுகில் சில புள்ளிகள் மட்டும் இருக்கும். அந்த முதல் வகைதான் கூட்டத்தைத் தூக்கிப் பிடிப்பது. பெண்களில் காட்டும் கண்டிப்பை ஆண்களிலும் காட்டினால் முன்னேற்றம் ஏறக்குறைய இருமடங்காகும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். இந்த இனத்தில் வளரும் தண்ணீரின் வெப்பம் ஆண் பெண் விகிதத்தை மாற்றுகிறது. 20 டிகிரி செல்சியஸில் வளர்ந்தவற்றில் பெண்களும், 26 டிகிரியில் வளர்ந்தவற்றில் ஆண்களும் பெரும்பான்மையாக இருந்ததாக ஆய்வு சொல்கிறது. சென்னையில் குளிர்விக்கும் வசதியில்லாத தொட்டியில் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 26 டிகிரிக்கு மேல்தான் நிற்கும். ஆகவே நம்மூர்த் தொட்டி வெளுத்ததாகத் தோன்றுவதற்கு ஆண்கள் மிகுந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம். மரபு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆண்களையும் பெண்களையும் எண்ணிப் பாருங்கள்.

நிறம் மாறாத கூட்டம் வேண்டும் என்று சொல்லும்போது நாம் இரண்டு வெவ்வேறு பொருட்களை ஒன்றாகக் குழப்புகிறோம். இதைப் புரிந்துகொள்ள செர்ரியின் தூரத்து உறவினர் ஒன்றைப் பார்க்கலாம். ஹாங்காங்கிலும் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு பீ இறால் என்று ஒன்று உண்டு. 2014இல்தான் அதற்குக் காரிடினா லோகெமானி என்ற பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன்பே, 1990களில், ஜப்பானிய வளர்ப்பாளர் ஹிசயாசு சுசுகியின் பீ இறால்களில் கறுப்புக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டையோடு குஞ்சு பிறந்தது. அவர் அதைத் தனியே பிரித்துப் பெருக்கினார். இன்று உலகம் முழுவதும் கிரிஸ்டல் ரெட் என்று விற்கப்படுபவை அந்த வழியில் வந்தவை.

இந்தச் சிவப்பு ஒரே ஒரு மரபணு சார்ந்தது, ஒடுங்கு பண்பு கொண்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் சிவப்புப் பிரதி வந்தால்தான் குஞ்சு சிவக்கும். ஒன்று மட்டும் வந்தால் குஞ்சு கறுப்பாகவே இருந்து, சிவப்பைத் தனக்குள் ஒளித்து வைத்திருக்கும். இதனால் ஒரு வசதி உண்டு. இரண்டு சிவப்புகளைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் சிவப்புத்தான். அந்த விஷயம் ஒரே தலைமுறையில் முடிந்துவிட்டது. ஆனால் அதே கிரிஸ்டல் ரெட்டின் வெள்ளை எவ்வளவு அடர்த்தி, பட்டை எங்கே முடிகிறது, கால் நிறம் என்ன என்பவையெல்லாம் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தீர்மானிப்பவை. இவற்றைத்தான் சி-யில் தொடங்கி எஸ்எஸ்எஸ் வரை தரம் பிரிக்கிறார்கள். எஸ்எஸ்எஸ் இரண்டைச் சேர்த்தாலும் குஞ்சுகளில் பல படிகள் இறங்கியவை இருக்கும். சுசுகி சிவப்பை நிலைநிறுத்தியதும் வேலை முடிந்துவிடவில்லை. வெள்ளையைத் தடிப்பாக்க ஜப்பானில் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

செர்ரியின் அடர்த்தி இந்த இரண்டாம் வகை. அதனால்தான் அது ஒருநாளும் முற்றாக நிலைபெறுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் குஞ்சுகள் பெற்றோரின் சராசரியைச் சுற்றி மேலும் கீழுமாகச் சிதறும். மேலே இருப்பவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்கினால் சராசரி கொஞ்சம் ஏறும். எல்லாவற்றையும் கலந்து விட்டால் இறங்கும். முட்டை வயிற்றில் மூன்று நான்கு வாரம், குஞ்சு முதிர்வதற்கு இரண்டு மூன்று மாதம் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று தலைமுறை கிடைக்கும். பொறுமையான தேர்வுக்கு இரண்டு ஆண்டில் பலன் கண்ணுக்குத் தெரியும். நன்னீர் வளர்ப்பில் இவ்வளவு விரைவாகப் பலன் காட்டும் உயிர்கள் குறைவு.

அவ்வப்போது முளைக்கும் நிறமற்ற குஞ்சும் பழுப்புக் குஞ்சும் வேறு கணக்கு. ஒளிந்திருக்கும் ஒடுங்கு மரபணு ஒன்று கூட்டத்தில் நாலில் ஒரு குஞ்சில் வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பட்டவற்றை எல்லாம் தவறாமல் ஒதுக்கிக்கொண்டே வந்தாலும், பத்துத் தலைமுறைக்குப் பிறகு 144இல் ஒன்று வெளிப்படும். அப்போதும் நூற்றில் பதினைந்து இறால்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கும். ஆகவே மூன்று ஆண்டு கண்டிப்பாக இருந்த தொட்டியில் திடீரென்று ஒரு வெளிறிய குஞ்சு தோன்றினால் தவறு நேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. கணக்குப்படி அது வரத்தான் செய்யும். ஒரு நல்ல ஆணின் மேல் சந்தேகம் இருந்தால், அந்தக் குறை வெளிப்பட்ட பெண் ஒன்றோடு தனியே சேர்த்துப் பாருங்கள். அது அந்த மரபணுவைச் சுமக்கும் ஆணாக இருந்தால் குஞ்சுகளில் பாதி குறையோடு பிறக்கும். ஏழு குஞ்சு பிறந்து ஏழிலும் குறை இல்லையென்றால், அது சுமக்கும் ஆணாக இருந்தும் தப்பித்திருப்பதற்கான வாய்ப்பு 128இல் ஒன்று. ஒரு ஈட்டில் இருபது முப்பது குஞ்சு வரும் என்பதால் இந்தச் சோதனைக்கு ஒரே ஈடு போதும்.

சினையோடு பெண்ணை வாங்குவது லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். குஞ்சு உடனே கிடைக்கும் என்பது சரி. ஆனால் அந்த முட்டைகளுக்குத் தந்தை யார் என்று தெரியாது. கடைத் தொட்டியில் நாலு நிறமும் ஒன்றாகக் கிடந்திருந்தால் அந்த முதல் ஈட்டை இனவிருத்திக்குச் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு சினைக்கும் முன்னால் பெண் சட்டை உரித்து, புதிதாக இணை சேர்ந்தாக வேண்டும். அதனால் அடுத்த ஈடு உங்கள் தொட்டி ஆணுடையதாகவே இருக்கும்.

சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ணக்கலவையாகத் தொட்டி வைக்கும் ஆசையைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செர்ரி, ப்ளூ ட்ரீம், மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் ஒரே இனம். தயக்கமில்லாமல் இணை சேரும். சிவப்பு வழியில் மாறியிருக்கும் மரபணு வேறு, நீல வழியில் மாறியிருக்கும் மரபணு வேறு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது, குஞ்சு பழைய ஓடை நிறத்துக்கே திரும்புகிறது. பார்க்க அழகாக இருக்கட்டும், குஞ்சு எப்படி வந்தாலும் சரி என்பவர் கலந்து வைக்கலாம். நிறம் காக்க நினைப்பவருக்கு ஒரு தொட்டியில் ஒரு நிறம்தான். செர்ரியையும் கிரிஸ்டல் ரெட்டையும் சேர்த்து வைத்தால் கலப்பு நேராது, அவை வெவ்வேறு பேரினம். ஆனால் செர்ரி நம் குழாய்த் தண்ணீரைத் தாங்கும். கிரிஸ்டலுக்கு மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள, 24 டிகிரியைத் தாண்டாத தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் நிறைவாக வளர்க்க முடியாது.

கண்டிப்பாகத் தேர்வு செய்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் ஆபத்து உண்டு. மிக நல்ல இரண்டு ஆண்களையும் முப்பது பெண்களையும் மட்டும் வைத்துக்கொண்டால் மொத்தம் 32 இறால். ஆனால் மரபு வளத்தைக் கணக்கிட்டால் அது ஏழெட்டு இறால்களுக்குச் சமம். பத்து ஆண், பத்துப் பெண் என்று 20 வைத்திருப்பது அதைவிட மிக நல்லது. உறவுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து போனால் நிறம் ஒன்றாகும், கூடவே சினை சிறுக்கும், குஞ்சு தேறாது. நிறத்துக்காக உயிர்ச்சத்தை இழக்கும் தேர்வு நல்ல தேர்வில்லை. ஒரே மூலத்திலிருந்து இரண்டு தொட்டிகளாகப் பிரித்து வளர்த்து, சில தலைமுறைக்கு ஒருமுறை அவற்றுக்குள் ஆண்களை மாற்றிக்கொள்வது எளிய காப்பு. வெளியிலிருந்து புதிய இறாலைக் கொண்டுவந்தால் நேரே முதன்மைத் தொட்டியில் விடாதீர்கள். தனித் தொட்டியில் அதன் ஒரு ஈட்டைப் பார்த்த பிறகு சேருங்கள்.

இவ்வளவுக்கும் அடிப்படை, ஒதுக்கியவற்றுக்கு ஓர் இடம். தேர்வு என்றால் பாதிக்கு மேல் ஒதுக்குவதுதான். குஞ்சு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியதும் முதல் பார்வை. தெளிவாக வெளிறியவற்றை அப்போதே, அவை இணை சேரும் வயதுக்கு முன்பே, எடுத்துவிட வேண்டும். இரண்டாம் பார்வை ஆண் பெண் பிரித்தறிய முடிகிற வயதில். ஒதுக்கியவை நோயாளிகள் அல்ல. பாசி தின்னும், தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும், முழு ஆயுளும் வாழும். செடித் தொட்டியில் விடலாம். புதிதாகத் தொடங்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ஏரியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் அவற்றைக் கொட்டாதீர்கள். ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாக் என்ற ஓடையில் இந்த இறால் குடியேறிப் பெருகியிருக்கிறது. ஐரோப்பாவின் குளிரில் அதற்குச் சூடான ஓடை தேவைப்பட்டது. நம் ஏரிகளில் ஆண்டு முழுவதும் தண்ணீர் வெதுவெதுப்புத்தான், இங்கே அதைத் தடுக்கக் குளிரும் இல்லை. நம் நீர்நிலைகளுக்கு அவற்றுக்கே உரிய சிறு இறால்கள் உண்டு. ஒதுக்கிய இறாலுக்கு வீட்டில் இடமில்லையென்றால், வளர்க்கத் தொடங்கும் முன்பே இரண்டாவது தொட்டி ஒன்றை வாங்கி வையுங்கள்.